உழக்கு சொல்லட்டும்

ஒரு வகுப்பறைச் செயல்பாடு தேறுமா தேறாதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பிள்ளை தப்பாகச் செய்தால், அது தப்பு என்று யார் சொல்லப்போகிறார்கள்? நான்தான் சொல்லியாக வேண்டும் என்றால் அந்தச் செயல்பாட்டை மறுபடி யோசிப்பேன். கையில் இருக்கும் பொருளே சொல்லிவிடும் என்றால் தைரியமாக வகுப்புக்குள் கொண்டுபோவேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டைக்கு வெளியே, பெயரில் ‘இன்டர்நேஷனல்’ சேர்ந்த ஒரு பள்ளியில் தொடக்க வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே அட்டையும் புளியங்கொட்டையும்தான். இங்கே பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் சாமான்கள் வருகின்றன. பிள்ளைகள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் தப்புப் பண்ணுகிறார்கள், ஒரே மாதிரிதான் கண்டுபிடித்துத் துள்ளுகிறார்கள்.

பின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அரையையும் காலையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதாத பிள்ளை குறைவு. சிவப்பு மையால் சுழித்து, ‘பகுதியைச் சமமாக்கு’ என்று எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையும் சமமாக்கிக் கொண்டுவந்து காட்டும். அடுத்த வாரம் அதே 2/6 திரும்ப வந்து நிற்கும். அந்த விடை ஏன் நடக்க முடியாதது என்பது பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

அதற்காகத்தான் வகுப்பில் படி வைத்திருக்கிறோம். படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. படி மட்டும் பக்கம் நேராக இருக்கும் இரும்புப் படி. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, கடைகளில் கிலோவும் லிட்டரும் ஏறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் பக்கத்து வீடுகளில் உழக்கு இன்னும் அரிசிப் பானைக்குள்தான் கிடக்கிறது. படிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு. இதை நான் வாயால் சொல்வதில்லை. ஒரு வாளித் தண்ணீரும் அகலமான தாம்பாளமும் வைத்துவிட்டு விலகிக்கொள்வேன். முதல் பீரியட் முழுக்க ஊற்றுவதிலும், வழிவதிலும், ‘ஏல, நீ நெறைக்காம ஊத்துத’ என்ற சண்டையிலும் போகும். முடிவில் அந்த வாய்ப்பாடு அவர்கள் கையெழுத்திலேயே தாழ்வான கரும்பலகையில் ஏறியிருக்கும்.

அடுத்த நாள்தான் கூட்டல். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. தப்பான ஊகத்தை அழித்துவிட்டால் அப்புறம் படித்தது என்னவென்றே தெரியாமல் போய்விடும். ஒரு சிறுமி 2/6 எழுதியிருந்தாள். “படிக்குள்ள அது எந்த எடம்னு காட்டேன்” என்றேன். படியின் உட்புற உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி, ஆறு சம பாகமாகக் கோடு போட்டு, இரண்டாவது கோட்டில் ரப்பர் பேண்டைச் சுற்றினாள். உரியை நிறைத்து ஊற்றினாள். குச்சியை விட்டு எடுத்தால் ஈரம் மூன்றாவது கோடு வரைக்கும் இருந்தது. அவள் கையில் நிறைத்த உழக்கு அப்படியே இருக்கிறது.

“டீச்சர், உழக்கை இன்னும் ஊத்தவே இல்ல. அதுக்குள்ள தாண்டிட்டு.”

பக்கத்தில் இருந்தவள் குச்சியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்ப நீ கூட்டினது, கூட்டுறதுக்கு முந்தி இருந்ததைவிடக் கொறையுதுல்லா?”

இந்த வாக்கியத்தை நான் பத்து வகுப்பு எடுத்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. கூட்டினால் குறையாது என்பது பிள்ளைக்குத் தெரிந்ததுதான்; காகிதத்தில் அது மறந்துபோகிறது, தண்ணீரில் மறப்பதில்லை. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். உரியையும் உழக்கையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று இரண்டு பேரும் முழித்தார்கள். உரித் தண்ணீரை உழக்கால் அளந்து பார்த்தார்கள். இரண்டு உழக்கு. ஆக மொத்தம் மூன்று உழக்கு, படிக்கு நான்கு, எனவே 3/4. ‘பகுதியைச் சமமாக்கு’ என்று புத்தகம் கட்டளையிடுவதை, வேறு வழியில்லாததால் அவர்களே செய்து முடித்தார்கள்.

ஒரு வருடம் இன்னொரு வீட்டுப் படி வந்தது. எங்கள் நான்கு உழக்கை அதில் ஊற்றினால் நிறையவில்லை. ‘காணாது டீச்சர்’ என்றார்கள். எது சரியான படி என்ற சண்டை மூண்டு, லிட்டர் குவளையைத் தேடிப்போய், ஊருக்கு ஊர் அளவை மாறினால் நெல் விற்பவனுக்கு என்ன ஆகும் என்பது வரைக்கும் பேச்சு போனது. அரிசியை வைத்து அளந்தால் குமித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்று அதற்கொரு வழக்கு. இவை எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை. எல்லாமே கணக்குதான்.

பெட்டியில் வரும் பின்ன வட்டுகளையும் ஒதுக்கிவிடவில்லை. படிக்குப் பிறகு கொடுக்கிறேன். ஒவ்வொரு துண்டின் மேலும் 1/4, 1/8 என்று அச்சடித்திருக்கும், நிறமும் வேறு வேறு. நிறத்தைப் பார்த்துப் பொருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஊற்றி, வழியவிட்டு, துடைத்துப் பழகிய கைக்கு மட்டும்தான் அந்த வட்டு எதையாவது சொல்கிறது.

பொருளே பிழையைக் காட்டட்டும் என்பது மரியா மாண்டிசோரியின் அடிப்படைகளில் ஒன்று. அவருடைய உருளைக் கட்டையில் உருளைகளைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு, தியசாபிகல் சொசைட்டி அழைத்து வந்தவர். இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே இருந்தார். அந்தக் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய வேலை பெரிதும் விரிந்தது அங்கேதான். உலகம் முழுக்கப் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் ஒரு கல்விமுறையின் ஒரு பகுதி நம் மலையில் உருவானது என்பதை, வெளிநாட்டுப் பாடத்திட்டம் கேட்டு வரும் பெற்றோரிடம் நான் சந்தோஷமாகச் சொல்வதுண்டு.

என்னை ஆசிரியையாக ஆக்கியது என்னவோ செயல்வழிக் கற்றல்தான். ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அட்டைமுறையைப் பார்த்து, 2003-ல் எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி வைத்தது. 2007-08-ல் தமிழகத்தின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நாற்காலியை ஓரங்கட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் தொங்கவிட்டோம். கற்றல் ஏணிப்படியைப் பார்த்து, தான் எந்த மைல்கல்லில் நிற்கிறோம் என்று பிள்ளையே தெரிந்துகொண்டு, அட்டையை எடுத்து, ஆசிரியர் உதவிக் குழுவா, சக மாணவர் குழுவா, தானே கற்கும் குழுவா என்று தன் தட்டைத் தேடிப் போய் உட்காரும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே அதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குறை என்று எனக்குப் பட்டது, அட்டை கேள்வி கேட்கும், தப்பைச் சொல்லாது. அதனால் எல்லாக் குழுவிலிருந்தும் பிள்ளைகள் எழுந்து என்னைச் சுற்றி நிற்பார்கள். அடுத்த அட்டைக்குத் தாவும் அவசரமும் வந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, கதைக் களம், படைப்புக் களம், செயல்பாட்டுக் களம் என்று மூலைகள் கொடுத்தார்கள். மூலை கொடுத்தது நல்லது. அந்த மூலையில் என்ன கிடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ப்ராஜெக்ட் என்ற பெயரில் வீட்டில் செய்து வரும் தெர்மாகோல் அணை எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். அப்பா வெட்டி, அம்மா வண்ணம் அடித்து, பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிறது. அதில் தண்ணீர் ஓடாது; அதனால் அது உடையவும் உடையாது.

தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எட்டுப் பெயரையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. அணைக்கட்டு என்ன செய்கிறது என்று கேட்டால் ‘தண்ணியத் தேக்கும்’ என்பார்கள். பாபநாசம் மேலே இருக்கும் அணை தேக்குவது. இவையோ குறுக்கே கிடக்கும் தாழ்ந்த சுவர்கள். ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் மேலேயே வழியவிட்டுக் கீழே அனுப்புகிறவை.

பள்ளிக்குப் பின்னால் சரிவான இடத்தில் மணலைக் கொட்டி ஆறு வெட்டினோம். காருகுறிச்சியிலிருந்து குயவர் களிமண் ஒரு சாக்கு. இடது பக்கம் ஒரு வயல், கீழே இன்னொரு குழுவின் வயல். சட்டம் ஒன்றே ஒன்று: உன் வயலுக்கும் தண்ணீர் ஏறணும், கீழ் வயலுக்கும் போகணும். முதல் குழு உயரமாகச் சுவர் எழுப்பியது. தண்ணீர் நின்றது, கீழ் வயல்காரர்கள் கத்தினார்கள், சற்று நேரத்தில் சுவர் போனது. உயரத்தைக் குறைத்தார்கள். அப்போதும் போனது. மூன்றாவது முறை ஒரு பையன் கட்டுவதை விட்டுவிட்டு, மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நடுவுல ஒடையல டீச்சர். கரையோட சேருத எடத்துலதான் அறுக்கு” என்றான். கரைக்குள் குடைந்து கல்லை வைத்துக் களிமண்ணால் அடைத்தார்கள். நின்றது.

அதற்குப் பிறகுதான் சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் நேரே போய் நின்றது சுவர் கரையோடு சேரும் இடத்தில். கட்டிப் பார்க்காமல் வந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள்.

இப்படி வேலை நடக்கும்போது ஆசிரியர் என்ன செய்வது என்று புதிதாக வரும் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். செய்ய நிறைய இருக்கிறது. யார் ஊற்றுகிறார்கள், யார் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். எல்லாக் குழுவிலும் கையை முந்தி நீட்டுகிற ஒரு பிள்ளை இருக்கும், எட்டி நிற்கிற ஒரு பிள்ளையும் இருக்கும். எட்டி நிற்பவளுக்குக் குச்சியைக் கொடுக்க வேண்டியது என் வேலை. அதை எந்த உழக்கும் செய்யாது. பிள்ளை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்போது முகத்தில் சரியும் தப்பும் தெரியாமல் பார்த்துக்கொள்வது மிகக் கடினமான பயிற்சி. நான் சொல்வது பெரும்பாலும் இரண்டே சொல்: ‘என்ன நடந்துச்சு?’

மொழிப் பாடத்தில் உழக்கு கிடையாது. பிள்ளை எழுதிய கதை புரிகிறதா என்று காகிதம் சொல்லாது. அங்கே அந்த இடத்துக்கு வருவது பக்கத்துப் பிள்ளை. எழுதியவர் வாய் மூடி இருக்க, தோழி உரக்க வாசிப்பாள். ‘அவன் வந்தான், அவன் அடித்தான், அவன் அழுதான்’ என்று வாசித்துவிட்டு, “யாரு அடிச்சா, யாரு அழுதா?” என்பாள். எழுதியவள் வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கிப் பெயர் போடுவாள்.

சக பிள்ளையை வைத்துக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை காலத்து வழக்கம். 1789-ல் எழும்பூர் அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளையைக் கொண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். இங்கிலாந்துக்கு அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே போனது. குறைந்த செலவில் நிறையப் பேருக்குச் சொல்லித்தர அவர்களுக்கு உதவியது. என் வகுப்பில் தோழி பாடம் சொல்லித் தருவதில்லை. புரியாதபோது புரியவில்லை என்கிறாள், அவ்வளவுதான். எழுதுகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நோட்டில் ஒன்றும் இல்லையே என்று கவலைப்படும் பெற்றோரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காசு கட்டுகிறார்கள், பார்க்க ஏதாவது வேண்டும். அவர்களிடம் பிள்ளையின் ஊகப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்: பேனாவில் 2/6, அதன் கீழே குச்சியின் படம், அதன் கீழே 3/4. சில அம்மாக்கள் அப்போதே படியை எடுத்து ஊற்றிப் பார்க்கிறார்கள்.

பொருளும் பேசாத, தோழிக்கும் தெரியாத இடங்கள் உண்டு. திருப்புடைமருதூரில், கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நெடுமரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2005-ல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே காத்து வந்த இடம் அது. ஒரே மரத்தை இரண்டு பிள்ளைகள் எண்ணினால் இரண்டு எண்ணிக்கை வருகிறது. பறவையும் சொல்லாது, எனக்கும் தெரியாது. பிள்ளைகளே ஒரு வழி கண்டார்கள்: மரத்தைக் கிளை கிளையாகப் பிரித்து, இருவர் தனித்தனியாக எண்ணி, அடுத்தவர் தாளைப் பார்க்காமல் எழுதுவது.

மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ அமைப்பின் மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். அதே நாட்களில் ஐந்தாம் வகுப்பை நயினார்குளத்துக்குக் கூட்டிப்போகப் பள்ளியில் அனுமதி கேட்டிருக்கிறேன். தாளை நான் தயாரித்தேன்: பறவையின் பெயர், முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று மூன்று பத்தி. பார்த்துவிட்டு, நான்காவதாக ‘வித்தியாசம்’ என்று ஒரு பத்தி வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். வித்தியாசம் ஐந்துக்கு மேல் போனால் மறுபடி எண்ண வேண்டும் என்று ஒரு கட்சி, பத்து வரைக்கும் விடலாம் என்று ஒரு கட்சி. இன்னும் முடிவாகவில்லை, திங்கட்கிழமை கடைசிப் பீரியடை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.