சங்கிலிக்கு எண்ணெய்

சங்கிலி என்றால் நமக்கு நல்ல ஞாபகம் எதுவும் வருவதில்லை. யானையின் காலில் கிடப்பது, கைதியின் கையில் பூட்டுவது, ரயில் பெட்டியில் இழுத்தால் அபராதம் வாங்கித் தருவது - எல்லாமே ஓடுகிற ஒன்றை ஓடவிடாமல் பிடித்து வைக்கிற காரியம்தான். பெண்களின் கழுத்தில் கிடப்பது ஒன்றுதான் விலக்கு. அதுவும் அடகுக் கடைக்குப் போகிற வரையில். இந்தக் குலத்தில் பிறந்தும், பிடித்து வைப்பதற்குப் பதிலாக ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டது மோட்டார் சைக்கிளின் சங்கிலி. அதற்கு நாம் காட்டும் நன்றியோ சொற்பம். பெட்ரோல் போட யாரும் மறப்பதில்லை. மறந்தால் வண்டி நின்றுவிடும். சங்கிலிக்கு எண்ணெய் போட மறந்தால் வண்டி நிற்பதில்லை. உடனே தண்டிக்காத தெய்வத்தை மறந்துவிடுவது மனித சுபாவம்.

அந்தச் சங்கிலியை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்தால், அலட்சியம் செய்யத் தோன்றாது. இன்று நாம் காணும் உருளைச் சங்கிலி, ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வம்சம். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி. ஊசியின்மேல் ஒரு சிறு குழல். குழலின்மேல் ஓர் உருளை. இப்படி ஏறக்குறைய 100 கண்ணிகள். இவற்றின் இடுக்குகளில் எண்ணெய் இருக்கிற வரையில் ஒன்றுக்கொன்று ராசியாக வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் வற்றி, அந்த இடத்தில் புழுதி புகுந்துவிட்டதோ, அரம் வைத்து ராவினது போலத்தான். 'செயின் நீண்டுபோச்சு' என்கிறோம். இரும்பு அப்படி ரப்பரைப்போல் நீண்டுவிடுவதில்லை. நூறு இடங்களில் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்த தேய்மானம் ஒன்று சேர்ந்து, நீளமாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் சங்கிலி தொங்கும், பற்சக்கரத்தின் பல்லைத் தாண்டிக் குதிக்கும், ஒரு நாள் கழன்றுகொள்ளும். கழன்று சக்கரத்தில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். பிறகு நடப்பது ஓட்டுபவரின் பூர்வ புண்ணியத்தைப் பொறுத்தது.

வண்டி செய்கிறவர்கள் இதை யோசிக்காமலில்லை. 1923-ல் வந்த பி.எம்.டபிள்யூ. வண்டி, சங்கிலியே வேண்டாமென்று சுழலும் தண்டு ஒன்றை வைத்துக்கொண்டது. 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவா வண்டிகளில் சங்கிலி முழுவதையும் தகரக் கூட்டுக்குள் வைத்து மூடினார்கள். நம் தெருவில் ஓடும் சிறு வண்டிகள் பலவற்றில் இன்றும் அந்தக் கூடு உண்டு. புழுதிக்கும் ஆயிற்று, புடவைத் தலைப்புக்கும் ஆயிற்று. 1969-ல் வெளிவந்த ஹோண்டாவின் 750 சி.ஸி. வண்டியிலோ, முன் பற்சக்கரத்தின் வழியே இன்ஜின் எண்ணெயே சங்கிலிக்குக் கசியும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

என்னிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் புல்லட். அதன் சங்கிலிக்கு மேலே மட்டும் ஒரு தகரக் குடை. கீழே திறந்த வெளி. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே உள்ள மண் முழுவதும் அதற்குச் சொந்தம். 500 கிலோமீட்டருக்கு ஒரு தரம் எண்ணெய் போடுவது எங்கள் மேஸ்திரி வகுத்த விதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கீழே பழைய பத்திரிகையை விரித்து, மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டுமாக உட்கார்ந்தேனானால், எழுந்திருக்க ஒரு மணி ஆகும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள்.

சென்ற வருஷம் விடுமுறைக்கு வந்த என் அக்கா பையனுக்கு இந்தக் காட்சி சகிக்கவில்லை. "இந்தக் காலத்திலே யாராவது கையாலே எண்ணெய் போடுவாங்களா, மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், அடுத்த தடவை வரும்போது ஒரு சிறு அட்டைப் பெட்டியுடன் வந்தான். தானாகவே சங்கிலிக்கு எண்ணெய் விடும் கருவியாம். ஸ்காட்லாந்தில் 1980-களிலிருந்து ஸ்காட்டாய்லர் என்ற பெயரில் செய்து வருகிறார்கள். பெட்டிக்குள் இருந்தது இவ்வளவுதான்: உள்ளங்கை நீளத்தில் எண்ணெய் ஊற்றி வைக்கும் ஒரு டப்பா, முனையில் மூக்கு வைத்த மெல்லிய குழாய் ஒன்று, ரப்பர்க் குழல் ஒன்று, இவற்றைக் கட்டிவைக்கச் சில பிளாஸ்டிக் வார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். அறுபதைத் தாண்டிய மனிதர். புதிதாக வருகிற எதையும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். இதை ஏற்றுக்கொள்ள மாட்டார் என்றே நான் நினைத்தேன். பையன் விளக்கினான். இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சுகிறதல்லவா? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே சிறு துளையிட்டு இந்த ரப்பர்க் குழலைச் சேர்த்தால், அந்த உறிஞ்சல் டப்பாவுக்குள் இருக்கும் அடைப்பைத் தூக்கிவிடும். எண்ணெய் தன் கனத்தாலேயே இறங்கிப் பின் பற்சக்கரத்தின் பக்கவாட்டில் சொட்டும். சக்கரம் சுழலுகிற வேகத்தில் எண்ணெய் விளிம்புக்கு ஓடிச் சங்கிலியின் உருளைகளைப் போய்ச் சேரும். இன்ஜின் நின்றால் அடைப்பு விழுந்து மூடிக்கொள்ளும். மேலே ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பி, நிமிஷத்துக்கு ஒரு துளி என்று கணக்கு வைத்துவிட வேண்டியது.

மேஸ்திரி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அக்னி நட்சத்திரத்திலே சுவாமிக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவாங்களே, அதேதான் ஸார் இது" என்றார். அதற்குமேல் ஸ்காட்லாந்துக்காரர்கள்கூட விளக்கியிருக்க முடியாது.

வேலை இரண்டு மணி நேரம் பிடித்தது. டப்பாவை நிமிர்த்திக் கட்ட இடம் பார்ப்பது ஒரு பாடு. குழாய் சைலன்ஸரில் படாமல் கொண்டுவருவது ஒரு பாடு. எல்லாவற்றையும்விட, மூக்கை வைப்பதுதான் நுணுக்கம். பற்சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அசைந்து பல்லில் மாட்டக் கூடாது. சொட்டுகிற எண்ணெய் டயரின் பக்கம் போகவே கூடாது. சங்கிலி ஒரு துளி அதிகமாகக் குடித்தால் பாதகமில்லை. டயர் குடித்தால் நாம் விழுவோம்.

மேஸ்திரி அந்த மூக்கைப் பிடித்துப் பொருத்திக்கொண்டிருந்தபோது அவருடைய வலக்கை என் கண்ணுக்கு நேரே இருந்தது. மோதிர விரலில் மேல் இரண்டு கணுக்கள் இல்லை. எனக்கு அது புதிதல்ல. பதினைந்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அக்கா பையனுக்குப் புதிது. கேட்டுவிட்டான்.

"இதே வேலைதான், தம்பி" என்றார் மேஸ்திரி, கையை எடுக்காமலே. "எனக்கு அப்ப பதினேழு வயசு. செயின் துடைக்கச் சொன்னாங்க. சக்கரத்தைக் கையாலே சுத்தித் துடைச்சா நேரமாகும்னு, ஸ்டாண்டிலே போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, ஓடற செயினிலே வேஸ்ட்டைப் பிடிப்போம். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. சீக்கிரம் ஆகும். வேஸ்ட் மாட்டிச்சு. விரல் கூடவே போயிடுச்சு. கத்தறதுக்குள்ளே முடிஞ்சுபோச்சு." மூக்கைச் சரிபார்த்துவிட்டு வாரை இறுக்கினார். "இந்த டப்பா அன்னைக்கே இருந்திருந்தா, கல்யாணத்திலே மோதிரம் போட ஒரு விரல் மிஞ்சியிருக்கும். இடக்கையிலேதான் போட்டாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குச் சிரிக்க வரவில்லை.

தானாக இயங்கும் கருவிகளைச் சோம்பேறிகளின் சாதனம் என்று சொல்வது நமக்கு ஒரு வழக்கம். அன்று முதல் அப்படிச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. எலைஜா மெக்காய் என்ற மனிதரின் கதையும் அதற்குச் சாட்சி. கென்டக்கியில் அடிமைகளாக இருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிவந்த பெற்றோருக்கு 1844-ல் பிறந்தவர் அவர். எடின்பரோவுக்குப் போய் யந்திரத் தொழில் கற்றுத் திரும்பினார். அமெரிக்காவில், கறுப்பருக்கு எஞ்சினியர் உத்தியோகம் கொடுப்பார் இல்லை. மிச்சிகன் ரயில்பாதையில் கரி தள்ளவும், யந்திரத்துக்கு எண்ணெய் விடவும் வைத்துக்கொண்டார்கள். வண்டியை நிறுத்தி நிறுத்தி, எண்ணெய்க் குவளையும் கையுமாகச் சுற்றி வந்த அந்த மனிதர்தான், ரயில் ஓடும்போதே யந்திரத்துக்குத் தானாக எண்ணெய் சொட்டும் கிண்ணத்தை அமைத்து 1872-ல் காப்புரிமை பெற்றார். படித்த படிப்பு அந்தக் கிண்ணத்தில் பாதி. எண்ணெய் விட்டுச் சலித்த கை பாதி. எங்கோ ஒரு கை வலித்திருந்தாலொழிய இத்தகைய யோசனை பிறப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

புறப்படும்போது மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஸார், எண்ணெய் இனிமே அதுவே விட்டுக்கும். ஆனா பார்க்கிற வேலை அதுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை உட்காருவீங்களே, அதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

கருவி மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அதைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. முன்பு மாதம் ஒரு தரம் சங்கிலியை இறுக்க வேண்டியிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போதுகிறது. மழையில் நனைந்தாலும் துருவின் சிவப்பைக் காணோம். சித்திரை வெயிலில் எண்ணெய் இளகித் தாராளமாக ஓடுகிறது. திருகைச் சற்று மூட வேண்டும். மார்கழி விடியற்காலையில் எண்ணெய் சோம்பல்படுகிறது. சற்றுத் திறக்க வேண்டும். என் வேஷ்டியின் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு புதுக் கரை ஏற்பட்டிருப்பதாக வீட்டில் புகார். சக்கரத்தின் விளிம்பிலும் அதே கோலம்.

மேஸ்திரியின் சொல்லைத் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறேன். மண்ணெண்ணெய் இல்லை, வேஸ்ட் இல்லை. வெறும் கையோடு சக்கரத்தை மெல்லச் சுற்றி, நூறு கண்ணிகளையும் ஒரு வலம் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். ஐந்து நிமிஷ வேலை. தெருவில் போகிறவர்களுக்குத்தான் சற்று ஏமாற்றம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சுற்றிக்கொண்டு வருகையில், ஓரிடத்தில் கை நின்றது. சங்கிலியின் இரு முனைகளையும் சேர்க்கும் கண்ணியின்மேல் குதிரை லாடம்போல் ஒரு சிறு லாக் மாட்டியிருப்பார்கள். அது இல்லை. தேய்ந்து தளர்ந்து எங்கேயோ தெறித்திருக்கிறது. லாக் பிடித்திருந்த பக்கத் தகடு மட்டும் எப்போது கழலலாம் என்று ஊசியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் எண்ணெய் பளபளவென்று மின்னிற்று. ஒரு துளி குறைவில்லை.

மேஸ்திரியை வீட்டுக்கே வரவழைத்தேன். புது லாக்கை மாட்டி, அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று எனக்கும் காட்டினார். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுகொள்ளும். லாக்கின் விலை ஒரு காப்பிக்குக்கூடக் காணாது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காப்பியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை நானும் என் மனைவியும் சுவாமிமலைக்குப் போவதாக முன்பே ஏற்பாடு. போனோம். "என்ன, இன்னிக்கு இவ்வளவு மெதுவாப் போறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள். காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். கீழே, நிமிஷத்துக்கு ஒரு துளி விழுந்துகொண்டிருந்தது.