பதினேழு வளைவுகளுக்கு ஒரு சைக்கிள்

போடிநாயக்கனூரில் ரோடு பைக் வாங்க நினைப்பவர் முன்னால் இரண்டு சாலைகள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே நெடுஞ்சாலைதான். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85. கிழக்கே திரும்பினால் தேனி வரை 15 கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மேற்கே திரும்பினால் முந்தல் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம், ஆயிரம் மீட்டர் உயரம். அதற்கு மேல் போடிமெட்டு, கேரள எல்லை, ஏலத்தோட்டங்கள்.

முதல் ரோடு பைக் எதை வாங்கலாம் என்று ஊர்ப் பையன்கள் கேட்டு வரும்போது நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்.

"எந்தப் பக்கம் போகப் போற தம்பி?"

"மெட்டுக்குத்தாண்ணே."

கிழக்கே என்று யாரும் சொன்னதில்லை. மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு மலைமேல்தான் கண். ஆனால் அதே பையன் கடைக்குள் போனதும் கேட்பது வேகத்தைப் பற்றி: எவ்வளவு ஸ்பீடு போகும், எவ்வளவு வெயிட் இருக்கும். போடியில் வாங்கும் பைக்கை, அதன் உச்ச வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதில் நாம் மிக மெதுவாகப் போகப்போகும் அந்த இரண்டரை மணி நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் இது இன்னும் கட்டாயமாகிறது.

மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மெட்டு ஏறுவது, புதிதாகத் தொடங்கும் திடமான இளைஞன் ஒருவனுக்கு நியாயமான இலக்கு. விலை குறைந்த ரோடு பைக்குகள் பலவற்றில் முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்துக்கு 42 பற்கள். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு 28. அந்தக் கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பைக் 3.15 மீட்டர் நகரும். 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 42 சுற்றுதான் வரும். முன்னால் 34, பின்னால் 32 இருக்கும் பைக்கில் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர், அதே வேகத்துக்கு 60 சுற்று. ஏறும் உயரமும் செலவாகும் உழைப்பும் ஒன்றே. ஆனால் முதல் பைக்கில் ஒவ்வொரு மிதிக்கும் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு அழுத்தம் கொடுத்தாக வேண்டும். அதைத் தாங்குவது முழங்கால். ஆறாவது ஏழாவது வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்குபவர்களில் பலருக்குக் குறைவது உடல் பலம் இல்லை, பின் சக்கரத்தில் நாலைந்து பற்கள்.

சிறிய கியர் போடுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பது பழைய நோய். டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903-ல் தொடங்கியது. அதை நடத்திய ஆன்ரி தெக்ரான்ஜ், கியர் மாற்றிகள் முதியவர்களுக்கானவை என்று நம்பியவர். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் மேல் வீரர்களை அனுப்பிக்கொண்டே, செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் கருவியை அவர் அனுமதிக்கவில்லை; 1937-ல்தான் அது பந்தயத்துக்குள் வந்தது. அதே நாட்டில் போல் த விவி என்பவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, மலை ஏறுபவனுக்குக் கியர்தான் துணை என்று எழுதியும் ஏறிக் காட்டியும் வந்தார். இன்று பந்தயத்தில் வெல்பவர்கள்கூடச் செங்குத்தான மலையில் பின்னால் 34 பல் போட்டு ஏறுவது உண்டு. போடிப் பையன் அதற்கு வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை.

பிடித்த பைக்கில் 28 பல்தான் இருக்கிறது என்றால், வாங்கும் இடத்திலேயே பின் பிரீவீலை 34 பல் உள்ளதாக மாற்றித் தர முடியுமா என்று கேட்க வேண்டும். ஏழு கியர் பைக்குகளில் பெரும்பாலும் முடியும்; கியர் மாற்றியின் கை போதிய நீளம் இருக்கிறதா என்று மட்டும் மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் சொச்சம் வரை ஆகும் இந்த ஒரு வேலை, பைக்கின் விலையில் பத்தாயிரம் கூட்டுவதைவிட மெட்டில் அதிகம் உதவும்.

அடுத்து எடை. இரண்டு கிலோ குறைவான பைக்குக்குக் கடையில் இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். ஆளும் பைக்கும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்தால், இரண்டு கிலோ என்பது நூற்றுக்கு இரண்டரை. இரண்டரை மணி நேர ஏற்றத்தில் அது மிச்சப்படுத்துவது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. பந்தயக்காரருக்கு நான்கு நிமிடம் பெரிது. மெட்டில் நின்று ஒரு டீ குடித்துத் திரும்புபவருக்கு அந்தப் பணம் வேறு இடத்தில் தேவைப்படும்.

அந்த இடம் பிரேக். ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். 80 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது 780 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வெளியேறியாக வேண்டும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாக இறங்கும். வழி நெடுக பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். ரிம்முக்கு ஆற நேரம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த மலைச்சாலையில் மண் சரிவதும் உண்டு, மேலே பனிமூட்டம் இறங்குவதும் உண்டு. நனைந்த ரிம்மில் கட்டை பிடிக்கத் தாமதமாகும். அதனால் அதே விலையில் டிஸ்க் பிரேக் கிடைத்தால் எடை சற்றுக் கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன். ரிம் பிரேக்தான் கட்டுப்படி ஆகும் என்றால், பைக்கோடு வரும் கட்டையைக் கழற்றிவிட்டு நல்ல கட்டை போட்டுக்கொள்வது முதல் செலவாக இருக்கட்டும்.

மூன்றாவது அளவு. பிரேம் சைஸ் தவறினால் எந்த விலைப் பைக்கும் முதுகையும் கழுத்தையும் பதம் பார்க்கும். படம் பார்த்து வாங்காமல் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மதுரைக்குப் போவதுதான் நல்லது. அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்தபின் மதுரைப் பயணம் எளிதாகிவிட்டது. அங்கே இரண்டு மூன்று கடைகளில் ஓட்டிப் பார்க்கலாம்; வாங்காமலும் திரும்பி வரலாம்.

ஏலக்காய் வியாபாரம் தெரிந்த ஊர் இது. பச்சை நிறம் பார்த்ததும் விலை சொல்பவர் இங்கே யாரும் இல்லை. காயை லிட்டர் படியில் அளந்து நிறுத்து, உள்ளே அரிசி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்கள். பைக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பெயின்டும் ஸ்டிக்கரும் நிறம். பல்சக்கரம், பிரேக், வீலின் தாங்குதிறன் இவைதான் லிட்டர் எடை.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல செய்தி. கையில் ரூ.30,000 இருக்கிறது என்றால் பைக்குக்கு 25,000-க்கு மேல் போக வேண்டாம். ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, கைப்பம்பு, இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல்கள், இத்தனையும் மிச்சத்தில் வர வேண்டும். ரோடு பைக்கின் மெல்லிய டியூபும் ஒல்லியான வால்வும் எல்லா சைக்கிள் கடையிலும் இருக்காது. வால்வுக்கு மாட்டும் சிறு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் மலைச்சாலைக் குழிகளுக்கு நல்லது. பழைய பைக் வாங்கினால் பிரேமின் இணைப்புகளில் கீறல் இருக்கிறதா, ரிம் தேய்ந்து குழிந்திருக்கிறதா, பின் கியர் மாற்றி தொங்கும் காது வளைந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நேரத்தையும் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். வேலை நாட்களில் விடியும்போதே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் இந்த வளைவுகளில் ஏறும்; சாயங்காலம் இறங்கும். காயெடுப்புக் காலத்தில் இன்னும் நெரிசல். அவர்களுக்கு இது கூலிக்குப் போகும் வழி. தாமதமானால் கூலி போகும். நமக்கு விருப்பத்துக்கு ஏறும் வழி. வழிவிட வேண்டியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளை நமக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு வருடம் சேர்த்து நல்லதாக வாங்குகிறேன் என்பவர்களுக்கும் ஒரு சொல். அந்த இரண்டு வருடத்தில் எந்தப் பைக் நமக்கு ஏற்றது என்பது விளம்பரத்திலிருந்து தெரியாது. முழங்கால் எங்கே வலிக்கிறது, எந்தக் கியர் இல்லாமல் போகிறது, கைக்கு எந்த உயரம் ஒத்துவருகிறது என்பதெல்லாம் ஏறினால்தான் தெரியும். முதல் பைக்கின் வேலை அதைச் சொல்லித்தருவது. இரண்டாவது பைக்கை அந்த அறிவு தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதனால் ஏற்றத்துக்குத் தாழ்ந்த கியர், இறக்கத்துக்கு நம்பும் பிரேக், உடம்புக்குப் பொருந்தும் அளவு, இந்த மூன்றும் கைக்காசுக்குள் கிடைக்கிற அன்றே வாங்கிவிடுங்கள்.