மடக்கு பட்டறையும் பல்லாவரம் சந்தையும்

நம்மூர் ஆசாரிகளுக்குப் பட்டறை மேஜை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. தரைதான் மேஜை. கால்தான் வைஸ். பலகையைத் தரையில் கிடத்தி, ஒரு முனையைக் குதிகாலால் அழுத்தி, சின்னத் துண்டாக இருந்தால் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் இடுக்கி, கொட்டாப்புளியும் உளியுமாக அழகாக வேலையை முடித்துவிடுவார்கள். கோயில் தேரும் செட்டிநாட்டுக் கதவும் இப்படி உட்கார்ந்து செய்த கைகளின் வேலைதான். அதனால் 'மேஜை இல்லாததால் நம்மவர்களுக்குத் தொழில் தெரியாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கருவி, கையின் வேகத்தில் ஓட வேண்டும். கைரம்பம் வழுக்கினால் காலில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். இப்போது மேடவாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ புது அபார்ட்மெண்ட்டில் அலமாரி வேலை நடக்கிற இடத்தில் எட்டிப் பாருங்கள். தரையில் பிளைவுட். அதன் மேல் ஒரு கால். கையில் மார்பிள் கட்டர். கல் வெட்டுவதற்காக வந்த அந்த மெஷினில் மரம் வெட்டும் பிளேடு மாட்டியிருப்பார்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். கால் அதே இடத்தில்தான் இருக்கிறது, கருவி மட்டும் மாறிவிட்டது. பெரும்பாலும் செருப்புகூட இருக்காது.

இந்தக் கட்டுரையின் விஷயம் ஒரு பழைய மடக்கு மேஜைதான். அதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதற்கு அந்தக் கால்தான் காரணம்.

ஒரு நாற்காலி செத்த கதை

ரான் ஹிக்மன் 1932-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியில் இருக்கும் கிரேடவுன் என்ற ஊரில் பிறந்தவர். 1950-களில் இங்கிலாந்து போய் முதலில் ஃபோர்டு, பிறகு லோட்டஸ் கம்பெனியில் கார் வடிவமைப்பாளரானார். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் அவர் கைவண்ணம். அப்பேர்ப்பட்ட மனிதர் 1961-ல் வீட்டில் துணி அலமாரி ஒன்று செய்ய உட்கார்ந்தார். பட்டறை மேஜை இல்லை. பலகையை ஒரு விலை உயர்ந்த ஸ்வீடன் நாற்காலி மேல் வைத்து அறுத்தார். பலகையோடு சேர்த்து நாற்காலியையும் அறுத்துவிட்டார்!

சாதாரண ஆள் என்றால் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு விஷயத்தை அத்தோடு விட்டிருப்பார். இவர், மடக்கக்கூடிய, பலகையை இறுக்கிப் பிடிக்கக்கூடிய ஒரு பட்டறையைச் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் 'வொர்க்மேட்' ஆனது.

கண்டுபிடித்ததும் உலகம் கைதட்டவில்லை. கருவிகள் செய்யும் ஸ்டான்லி கம்பெனியிடம் கொண்டுபோனார். இது டஜன் கணக்கில்தான் விற்கும், நூற்றுக்கணக்கில்கூட விற்காது என்கிற மாதிரி பதில் வந்தது. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னது. ஹிக்மன் சளைக்காமல் தானே தயாரித்துத் தானே விற்றார். ஆயிரக்கணக்கில் விற்றுக் காட்டிய பிறகு பிளாக் அண்ட் டெக்கர் மனசு மாறி 1972-ல் உரிமம் வாங்கியது, 1973-ல் பெரிய அளவில் தயாரிப்பு ஆரம்பித்தது. 1981-க்குள் ஒரு கோடி விற்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஹிக்மனுக்கு ஒரு சிறு பங்கு. காப்பி அடித்தவர்கள் மேல் அவர் வழக்குப் போட்டு ஜெயித்த கதைகளும் உண்டு. 2011 பிப்ரவரியில் தன் 78-வது வயதில் ஜெர்சி தீவில் காலமானார்.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

பார்க்க ஒன்றுமே இல்லை. இரண்டு நீளமான மரத் தாடைகள், கீழே மடங்கும் கால்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகுக் கைப்பிடிகள். சூட்சுமம் அந்த இரண்டு திருகில்தான். ஒரு தாடை அசையாது, இன்னொன்று திருகுகளால் நகரும். இரண்டு திருகும் தனித்தனி. ஒன்றை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் திருகினால் தாடை சாய்வாக நிற்கும். அதனால் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த கட்டையையும் பிடிக்கலாம். நாற்காலிக் கால், கிரிக்கெட் மட்டை, சைக்கிள் குழாய், கதவு, எதுவானாலும் சரி. தாடையில் உள்ள துளைகளில் பிளாஸ்டிக் முளைகளைச் செருகினால், தாடைக்குள் அடங்காத அகலப் பலகையையும் மேலே கிடத்தி இறுக்கலாம்.

ஆக, மேஜையே ஒரு பெரிய வைஸ். நம் ஆசாரி இடுப்பும் காலும் சேர்த்துச் செய்கிற வேலையை இது இரும்பிலும் மரத்திலும் செய்கிறது.

பிறகு வந்த மாடல்களில் இரண்டு உயரம் உண்டு. கீழ்க்கால்களை மடக்கினால் சுமார் இரண்டு அடி. பலகை மேல் முழங்காலை ஊன்றி ரம்பம் போட அது வசதி. கால்களை விரித்தால் சுமார் இரண்டரை அடி. நின்றுகொண்டு இழைக்கவும் துளை போடவும் சரியான உயரம். ஆள் இலேசு, மேஜையும் இலேசு என்பதால் இழைக்கும்போது நகரத்தான் செய்யும். அதற்காகவே கீழே ஒரு படி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு காலை வைத்து ஏறி நின்றால் மேஜைக்கு நம் எடையும் கிடைத்துவிடும். இங்கேயும் கால் வேலை செய்கிறது, ஆனால் பிளேடுக்கு எட்டாத தூரத்தில் :-)

எங்கே தேடுவது?

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனதோடு சென்னையின் பழைய பொருள் வேட்டைக்காரர்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர் தென்பக்கத்தில் வாரத்துக்கு ஒரு நாள் துடிக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தையைத்தான் சொல்கிறேன் என்று தாம்பரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. (2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பல்லாவரமும் அதற்குள் வந்துவிட்டதால் இது இப்போது சொந்த ஊர்ச் சந்தை.) செடி, கோழிக்குஞ்சு, பழைய நாற்காலி, உடைந்த டிவி, ஸ்பானர், துருப்பிடித்த இழைப்புளி என்று ரோட்டோரம் முழுக்கப் பரப்பியிருப்பார்கள்.

அங்கே போன உடனே வொர்க்மேட் கிடைக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இங்கிலாந்தில் மாதிரி வீட்டுக்கு வீடு இருந்த பொருள் இல்லை இது. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சாமானோடு கொண்டுவந்தது, வீடு காலி செய்யும்போது பழைய இரும்புக்காரரிடம் போவது, இப்படித்தான் ஒன்றிரண்டு வெளியே வரும். வந்தாலும் அதன் பெயர் விற்பவருக்குத் தெரிந்திருக்காது. 'அயர்ன் பண்ற டேபிள் சார்' என்பார், அல்லது மேல் பலகையைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தை எடைக்குப் போட்டிருப்பார். அதனால் தேடுகிறவர் மேஜையைத் தேடக் கூடாது. இரண்டு திருகுத் தண்டு உள்ள மடக்குச் சட்டத்தைத் தேட வேண்டும்.

கையில் கிடைத்தால் பார்க்க வேண்டியவை:

1. இரண்டு கைப்பிடியும் சுற்றுகிறதா? துரு இருக்கலாம், மரை தேய்ந்திருக்கக் கூடாது.
2. தாடைகளை மூடினால் இடைவெளி நேர்கோடாக இருக்கிறதா?
3. சட்டத்தை விரித்து நான்கு மூலையையும் அழுத்தினால் ஆட்டம் எவ்வளவு? கால் ரப்பர் போனதால் வரும் ஆட்டம் பரவாயில்லை, சட்டம் வளைந்ததால் வரும் ஆட்டம் ஆகாது.
4. ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போகவும். ஒட்டாத பாகம் அலுமினியம். ஆரம்ப கால மாடல்களில் வார்ப்பு அலுமினியச் சட்டம் உண்டு. அது விரிசல் விட்டிருந்தால் தெருமுனை வெல்டிங் கடையில் வேலைக்கு ஆகாது, ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் போக வேண்டும்.

மரம் உளுத்திருந்தால் கவலையே வேண்டாம். அதை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். விலை பேசவும் அது உதவும்!

உயிர் கொடுக்கும் படலம்

கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ. இடது எது வலது எது என்று பெயிண்ட்டால் அடையாளம். இதைச் செய்யாமல் கழற்றினால் பிறகு மாட்டுவது சுடோகு போடுவது மாதிரி.

திருகுத் தண்டுகளை ஒரு ராத்திரி டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பாதித் துரு கழன்றுவிடும். அதற்குப் பிறகு கிரீஸை அப்பக் கூடாது. மரத்தூள் எல்லாம் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். இலேசாக எண்ணெய், அல்லது மெழுகுவத்தியை மரையில் தேய்த்தால் போதும். மரையே போய்விட்டால், பழைய தண்டை மாதிரியாகக் கொடுத்துப் புதிது கடைந்து வாங்க லேத் பட்டறைகள் இருக்கின்றன. 1950-களில் உருவான கிண்டி தொழிற்பேட்டை தாம்பரத்திலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் கொஞ்ச தூரம்தானே.

இரும்புச் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, காய்ந்ததும் எனாமல் இரண்டு பூச்சு. இந்த வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ள வேண்டாம், பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும். இன்னொன்று, நம்மூர் கடற்காற்று. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். மாட்டும்போது போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அது தள்ளிப்போகும். கிரீஸ் கூடாது என்பது சுற்றும் மரைக்கு, நிற்கும் போல்ட்டுக்கு அல்ல.

தாடைகளுக்கு எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் சரி. அலமாரி வேலை நடக்கிற இடங்களில் துண்டு பிளைவுட் சும்மாவே கிடைக்கும். பழைய தாடையின் கனத்தை அளந்து, தேவையானால் இரண்டு துண்டை ஒட்டி அதே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய தாடையையே மேலே வைத்துத் துளைகளைக் குறித்துக்கொண்டால் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

கால் ரப்பருக்கு மெடிக்கல் ஷாப்புக்குப் போகலாம். ஊன்றுகோல் அடியில் மாட்டும் ரப்பர் குமிழ் பல அளவில் கிடைக்கும். உடைந்த பிளாஸ்டிக் முளைக்குப் பதிலாக உருட்டுக் கட்டையில் செய்துகொள்ளலாம். காலேஜ் லேபில் 3டி பிரிண்டர் வைத்திருக்கும் மக்கள், கீ செயின் அடித்தது போதும், இதை அடித்துப் பாருங்கள்.

நம்மூருக்கு ஏற்ற மாற்றங்கள்

முதல் மாற்றம், மேலே ஒரு கூடுதல் பலகை. இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட்டின் அடியில் ஒரு ரீப்பர் கட்டையைத் திருகி, அந்தக் கட்டையைத் தாடைக்குள் வைத்து இறுக்கினால் ஒரு நிமிடத்தில் முழு மேஜை ரெடி. அதில் வைஸ் மாட்டலாம், மிக்ஸி கழற்றலாம், சால்டரிங் செய்யலாம். இரண்டாவது, தாடையின் உள்பக்கத்தில் பழைய பெல்ட் தோலை ஒட்டுவது. பாலிஷ் போட்ட சாமானில் தழும்பு விழாது.

மூன்றாவது, சுவரில் மாட்ட இரண்டு கொக்கி. இது அலங்காரத்துக்கு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் வைத்த பொருள் என்ன ஆனது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய பழைய மாடல்கூட 25 கிலோ அரிசி மூட்டையை விட இலேசுதான். தூக்கி மாட்டிவிடலாம்.

கடைசியாக ஒரு விஷயம்

பழைய மேஜையே கிடைக்கவில்லை என்றால் கவலை இல்லை. இதே மாதிரி புதியவை கடையிலும் இணையத்திலும் விற்கின்றன. அதுவும் கட்டுப்படி ஆகாது என்றால் இரண்டு முக்காலியும் நாலு சி-கிளாம்ப்பும் போதும். பலகையைப் பிடிப்பது காலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மேஜை வந்துவிட்டால் கண்ணுக்குக் கண்ணாடியும் பிளேடுக்கு மூடியும் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வேலைக்கு வரும் ஆசாரியிடம் 'இதுல வெச்சு வெட்டுங்கண்ணே' என்று நீட்ட ஒன்று வீட்டில் இருக்கும். சிலர் சிரித்துவிட்டுத் தரையிலேயே உட்காருவார்கள், பழக்கம் அப்படி. நாற்பது வயதைத் தாண்டி முழங்கால் வலிக்கிறவர்கள் மறுக்க மாட்டார்கள்.

டஜன் கணக்கில்தான் விற்கும் என்று சொன்ன ஸ்டான்லியும், முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பிறகு கோடிக்கணக்கில் விற்ற பிளாக் அண்ட் டெக்கரும் 2010-ல் ஒரே கம்பெனி ஆகிவிட்டன. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதற்கு அவர்களிடம் ஏதோ கணக்கு இருந்திருக்கும். பல்லாவரத்தில் அந்தச் சட்டத்தை இரும்பு விலைக்குப் போடுகிறவரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் தராசில் வைப்பதற்குள் போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரமாக.