தளர்ந்த திருகாணி

நான் அமெரிக்காவில் ஊழியஞ்செய்த நாட்களில், மான் வேட்டைக்குச் செல்லும் நண்பரோடு ஒரு சனிக்கிழமை சுடுபயிற்சித் திடலுக்குப் போனேன். போதகருக்கு அங்கே என்ன வேலை என்பீர்கள். மருந்தளந்து கொடுத்ததோடு சரி. அவருடையது, குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் துப்பாக்கி. மேலே புதிய ஸ்கோப்.

குண்டு வலப்புறம் விழுந்தது. குமிழைத் திருகினார், அடுத்தது இடப்புறம் போயிற்று. முந்தின ஆண்டு காயத்தோடு ஓடிய மானை இருட்டும்வரை தேடியும் காணாத வேதனை அவர் கைகளை அவசரப்படுத்திற்று. ஆலோசனை சொல்லிப் பழகிய என் வாயும், "இன்னும் இரண்டு கிளிக்" என்றது.

அருகிலிருந்த முதியவர், "குமிழை விடும், ஸ்கோப்பை அசைத்துப் பாரும்" என்றார். அசைந்தது. பின்னுதைப்பில் அடித்தளத் திருகாணிகள் தளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, மரைகளில் நீலநிறப் பூட்டுப்பசை ஒரு சொட்டு இட்டு, முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால் இறுக்கினோம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும். பசை இறுகும்படி அன்று ஒரு குண்டும் சுடாமல் திரும்பினோம். அதுவே அவருக்குக் கடினமாயிருந்தது.

மறுவாரம் 25 கஜத்தில் தொடங்கி 100 கஜத்திற்குச் சென்றோம். மருந்து ஒரே அளவு. கரி படிந்தால் குண்டின் போக்கு மாறுமாதலால், ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் குழலைத் துடைத்தோம். மூன்று குண்டுகள் விழுமட்டும் குமிழைத் தொடவில்லை. மூன்றின் நடுவைப் பார்த்தே திருத்தினோம். அந்த ஸ்கோப்பில் ஒரு கிளிக், 100 கஜத்தில் கால் அங்குலம்.

கடைசித் தாளின் மூன்று துளைகளையும் என் உள்ளங்கை மூடிற்று. நண்பர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.