டிக்கட் வாங்காத பிரயாணி

குத்தி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குன்றின்மேல் நிற்கும் புராதனமான கோட்டைதான். 1827-ம் வருஷம் காலராவினால் மாண்ட ஸர் தாமஸ் மன்றோவை முதலில் அடக்கம் செய்ததும் இவ்வூரிலேயே. நாம் அனந்தபூர் ஜில்லாவிலுள்ள இந்தக் குத்திக்குச் சென்றதோ ஒரு சிலந்தியை முன்னிட்டு! நேயர்கள் சிரிக்க வேண்டாம்.

இவ்வூர் ரயில்வே மரக் கிடங்கில் அகப்பட்ட ஒரு சிலந்தியை ஆராய்ந்து, 1899-ல் போக்காக் என்ற ஆங்கில விஞ்ஞானி 'பொயிசிலோதீரியா மெட்டாலிகா' என்று பெயர் சூட்டினார். உலகம் அதைக் குத்திச் சிலந்தி என்றே அழைக்கிறது.

அதை இனங்காண்பது எப்படி? நம் வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய எட்டுக்கால் பூச்சிக்குக் கண்கள் எட்டும் முகத்தில் இரு வரிசையாக இருக்கும். விஷப் பற்கள் இடுக்கிபோல் பக்கவாட்டில் கூடும். இதற்கோ எட்டுக் கண்களும் தலைமேல் ஒரு சிறு மேட்டில் நெருங்கி நிற்கின்றன. பற்கள் இரண்டும் கடப்பாரைபோல் மேலிருந்து கீழே இறங்குகின்றன. உடம்போ அற்புதமான நீலம். மயிற்பீலியைப் போலவே அதில் நீலச் சாயம் கிடையாது. ரோமங்களின் நுண்ணிய அமைப்பே ஒளியை அப்படித் திருப்பி அனுப்புகிறது. குஞ்சுகளிடம் இந்த நீலம் அவ்வளவு தெளிவாக இராது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பலாகாது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இதன் உறவினங்களைப் பிரித்தறிய, முன்கால்களின் அடிப்புறத்திலுள்ள கோலத்தைப் பார்க்கவேண்டும். குத்திச் சிலந்திக்கு அங்கே பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் உண்டு. அதைக் காண்பது சுலபமல்ல. கோபங்கொண்டு முன்கால்களைத் தூக்கினால்தான் தரிசனம் கிடைக்கும்! அச்சமயம் சற்றுத் தள்ளி நிற்பது உசிதம்.

ஆனால் குத்தியில் அதைத் தேடிப் பயனில்லை. நூறு வருஷங்களுக்கு மேல் எவர் கண்ணிலும் படாதிருந்த அந்த ஜந்து, 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் மறுபடியும் அகப்பட்டது. குத்தியிலிருந்து அவ்விடம் நூறு கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். காட்டு மரத்தின் பொந்தில் குடியிருந்த சிலந்தி, மரத்தோடு ரயிலேறி டிக்கட் இல்லாமலே குத்தியில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் அபிப்பிராயம்.

2008-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக மோசமான அபாயத்திலுள்ள பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. அது வாழ்வதாக அறியப்பட்ட பிரதேசம் 100 சதுர கிலோ மீட்டருக்கும் குறைவு. விறகுக்காகவும் மரத்துக்காகவும் அங்கே பொந்துள்ள மரங்கள் வெட்டப்படுகின்றன. போதாக்குறைக்கு அந்த நீல அழகே அதற்குச் சத்துருவாயிற்று. மேல்நாடுகளில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்க, இதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மாலை வண்டிக்காகக் காத்திருந்தபோது, ஊர் பெயர் தாங்கிய அந்தப் பிராணியைப் பற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தோம். "கோட்டையைப் பார்த்தீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.