பூக்கோ பிறந்த ஊர்

பின்லாந்து தேசத்தின் மேற்கே, கோதுமையும் பார்லியும் விளையும் சமவெளியில் கௌஹவா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் கீர்த்தியெல்லாம் கத்தியால் வந்தது. கத்திக்கு அங்கே 'பூக்கோ' என்று பெயர். 'பூ' என்றால் நமக்கு மலர். அவர்கள் பாஷையிலோ மரம். மரப்பிடியால் வந்த பெயர் என்பர்.

நாம் அதைக் கையில் எடுத்ததும் கண்ட விசேஷம், அலங்காரம் இல்லாமைதான். அலகும் பிடியும் ஏறக்குறைய ஒரே நீளம். முதுகு நேர், ஒரு பக்கமே கூர், மடங்காத அலகு. சில பிடிகள் பிர்ச் மரப் பட்டையை வில்லைகளாக அடுக்கி இறுக்கியவை. கடுங்குளிரிலும் கைக்கு இதமாயிருக்கும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே கைகாப்பு கிடையாது. குத்துகிறவனுக்கல்லவா கை வழுக்கும் பயம்! மரம் சீவுகிறவனுக்கும், வேட்டையாடிய மிருகத்தைத் தோலுரிக்கிறவனுக்கும் விரல் அலகை ஒட்டியிருக்க வேண்டும்; காப்பு வெறும் இடைஞ்சல். தோலுறையோ பிடியின் பெரும்பகுதியையும் விழுங்கிவிடுகிறது. வேடன் ஓடினாலும் குனிந்தாலும் கத்தி நழுவாது.

இப்படி வேலைக்கென்றே அமைந்த கருவிக்கு இந்தப் பிரதேசத்திலேயே அவப்பெயரும் நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முரட்டு வாலிபர்கள் கல்யாண வீடுகளில்கூடக் கத்திக்குத்து நடத்தினார்கள். 'பூக்கோ' என்ற சொல்லைச் சேர்த்தே ஜனங்கள் அவர்களுக்குப் பட்டம் சூட்டினார்கள். அந்த அட்டூழியம் அடங்கிவந்த காலத்தில், 1879-ல், ஈசாக்கி யார்வென்பா என்பவர் கௌஹவாவில் கத்திப் பட்டறை தொடங்கினார். பிடியின் நுனியில் குதிரைத் தலை வைத்த கத்திகள் அந்தப் பட்டறையின் பெயரைப் பரப்பின.

பின்லாந்தில் ஒருவருக்குப் பூக்கோவைப் பரிசளிப்பது, அவரிடம் வைத்த நம்பிக்கைக்கு அடையாளம்.