மூச்சு என்னும் அமானிதம்



முதலிபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலைதான் வாரத்தின் மிக அமைதியான பொழுது. சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கிய ஊர் சற்றுத் தாமதமாகவே கண்விழிக்கும். சிட்கோ தொழிற்பேட்டையில் எந்திர இரைச்சல் இராது. ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வண்டிகளும் வாரா. ஃபஜ்ர் தொழுததும் நானும் என் அக்காள் மகனும் ஓடத் தொடங்குவோம். நிஃப்ட்-டீ கல்லூரியைக் கடந்து, கம்பெனி மதில்களை ஒட்டிச் சுற்றி வந்தால் 12 கிலோமீட்டர். ரமளான் நீங்கலாக, இரண்டு ஆண்டுகளாக இதுவே எங்கள் வழக்கம். அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கு வயது 46. பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்த பிறகே ஓட்டத்தைத் தொடங்கினேன். அவனுக்கு வயது 22. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். அதில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவன் அதை எளிதாக முடித்துவிடுவான். எனக்கோ ஒரு கிலோமீட்டருக்கே 8 நிமிடங்கள் வேண்டும்.

தொடக்கத்தில் அவன் அடிக்கடி திரும்பிப் பார்த்து, "முடியுதா மாமு?" என்று கேட்பான். "முடியுது" என்பேன். உண்மையில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் பேச என்னிடம் மூச்சு இருக்காது. நெடுந்தூரம் ஓடுவோருக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம், முடியாவிட்டால் வேகம் அதிகம். என் மூச்சு என்னைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்று, நாளடைவில் பதில் சொல்வதையும் நிறுத்தித் தலையை மட்டும் அசைக்கலானேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? நாற்பது பேரை வேலை வாங்குகிறவன், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் "முடியவில்லை" என்று சொல்வதா என்ற கர்வம் ஒரு காரணம். அதற்கும் அடியில் ஓர் அச்சம் இருந்தது: நான் சுமையென்று தெரிந்தால் அவன் தனியே ஓடப் போய்விடுவானோ?

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்பதாவது கிலோமீட்டரில் கண்கள் இருட்டின. ஒரு கம்பெனி வாசலில் அப்படியே அமர்ந்துவிட்டேன். அவன் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்து, என் முகத்தைத் துடைத்துவிட்டு, அருகில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை. "மாமு, நீங்க முடியுதுன்னு சொன்னதை நம்பித்தானே நான் ஓடினேன். பொய் சொன்னா நான் எப்படி மெதுவாப் போறது?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் வேலையிலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. லைனில் ஒருவர் பின்தங்குவது குற்றமன்று. சொன்னால், அந்த வேலைக்கு இன்னோர் ஆளைப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் பின்தங்கியதை மறைக்க அவசரமாகத் தைத்து, தையல் விட்டுப்போன பீஸைக் கட்டுக்குள் செருகிவிட்டால், செக்கிங்கில் மொத்தக் கட்டும் திரும்பி வரும். அத்தகையவர்களை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! ஞாயிறுதோறும் நானும் அதையேதான் செய்து வந்திருக்கிறேன்.

முஆத் (ரலி) அவர்கள் இஷாத் தொழுகையில் நீண்ட சூராவை ஓதிய நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துக் களைத்த ஓர் உழைப்பாளி, நிற்க இயலாமல் அத்தொழுகையிலிருந்து விலகி, நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். நபியவர்கள் அந்த உழைப்பாளியைக் கண்டிக்கவில்லை. முஆத் (ரலி) அவர்களையே கண்டித்து, பின்னால் முதியோரும் பலவீனரும் அலுவல் உடையோரும் நிற்பதை நினைவூட்டினார்கள். முன்னிற்பவரின் கடமையைச் சொல்லவே இந்நிகழ்ச்சியை நாம் எடுத்துக்காட்டுகிறோம். நான் இப்போது அந்த உழைப்பாளியை எண்ணிப் பார்க்கிறேன். அவர் தம் களைப்பை மறைத்திருந்தால், அவருக்குப் பின் வந்த எத்தனையோ களைத்த மனிதர்களுக்கு அந்த இலகு கிடைத்திருக்குமா?

வேகமாக ஓடுபவனுக்கும் ஒரு பாடம் உண்டு. கால்களின் வேகத்திற்குப் பெயர் பெற்றவர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி). ஒரு பயணத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் தோல்வியறியாத அன்ஸாரி ஒருவருடன் போட்டியிட்டார். எடுத்த எடுப்பில் பாயாமல், மூச்சைக் காத்துக்கொள்ள ஓரிரு மேடுகள் வரை தம்மை அடக்கிக்கொண்டார். பிறகு எட்டிப்பிடித்து முந்தினார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இதை என் மருமகனிடம் சொன்னேன். மெதுவாக ஓடத் தெரிவதும் ஓட்டக்காரனின் வலிமைதான் என்று அவன் மகிழ்ந்தான். வேகப் பயிற்சியை வார நாட்களுக்கு மாற்றிக்கொண்டான், ஞாயிறு எனக்குரியதாயிற்று.

நாங்கள் பேசியபடி ஓடத் தொடங்கிய பிறகே அவன் மனம் திறந்தான். நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்றும், எழுத்துத் தேர்வில் மீண்டும் தவறிவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட நினைத்தான் என்றும் அன்றுதான் தெரிந்தது. அவனுடைய அத்தா மவுத்தான பிறகு, உம்மாவிடம் சொல்லத் துணியாமல் மாதக்கணக்கில் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தான். நான் தலையசைத்து ஓடிய காலம் முழுவதும், அவனும் என்னைப் போலவே "முடியுது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அக்காவிடம் நானே பேசினேன். இப்போது அவனுக்குப் பகல் வேலை. வருமானம் குறைவு, ஆனால் இரவில் படிக்கிறான்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் நிலையை உடன் வருவோரிடம் மறைக்காமல் சொல்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே. உங்கள் வீட்டில் "முடியுதா?" என்று எவரேனும் கேட்டால், ஒரு கணம் நின்று உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அவர்களும் தங்கள் பதிலைச் சொல்லக் காத்திருக்கலாம்.

கடந்த வாரம் ஏழாவது கிலோமீட்டரில், "கொஞ்சம் மெதுவா மாப்ளே" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். அவனுடைய தேர்வுக்காக துஆ செய்யுங்கள்.